அப்பாவின் திருநீறும் புது ஸ்கேனரும்

இன்னைக்கு நானும் அம்மாவும் தேனிக்கு ஸ்கேனர் வாங்கப் போனோம்.

அப்பாவோட இளவயசுப் படமெல்லாம் கரையான் தின்னுருச்சு. மிஞ்சினது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய கருப்பு வெள்ளை நெகட்டிவ்தான். அதைத் திரும்பப் படமாக்கத்தான் இந்த ஸ்கேனர்.

எங்கம்மா போடி ஏலக்கா வியாபாரி வீட்டுப் பொண்ணு. சாம்பிள் பார்க்காம மூட்டையத் தொடாது. "ஒரு நெகட்டிவை எடுத்துக்க. ஓட்டிக் காட்டினாத்தான் வாங்கணும்"னு சொல்லிருச்சு.

கடைக்காரர் விலை கூடின மெஷினைக் காட்டினாரு. "தூசியெல்லாம் இதுவே அழிச்சிரும்க்கா."

ஓட்டினாரு. திரையில அப்பா வந்தாரு, இருபத்தஞ்சு வயசுல, பளிச்சுன்னு. ஒரு தூசி இல்லை. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அம்மா கண்ணாடிய ஏத்திவிட்டுப் பார்த்துச்சு.

"ஏப்பா, நெத்தியில இருந்த திருநீறு எங்க? அவுக அது இல்லாம வாசப்படி தாண்டமாட்டாகளே!"

கடைக்காரர் தூசி அழிக்கிறதை அணைச்சிட்டு மறுபடி ஓட்டினாரு. மூணு பட்டையும் அப்படியே வந்துச்சு, கூடவே ஊர்ப்பட்ட தூசியும்.

போன்ல தேடிப் பார்த்துட்டு அவரே சொன்னாரு: "கருப்பு வெள்ளை பிலிம்ல, படத்துல வெள்ளையா வர்ற இடத்துல வெள்ளி கெட்டியாப் படிஞ்சிருக்குமாம், அதையே இது தூசின்னு நினைச்சுக்குமாம். கலருக்குத்தான் சரிப்படும். உங்களுக்கு இந்தச் சின்ன மெஷினே போதும்க்கா."

அதையே வாங்கிட்டு வந்தாச்சு. டப்பாவுல இருக்கிற எல்லா அப்பாவையும் இந்த வாரத்துக்குள்ள பார்த்துருவோம்.

தூசியை மட்டும் நாங்களே துடைக்கணும். நெகட்டிவ்ல கீறல் விழாமத் துடைக்க எது நல்லதுன்னு தெரிஞ்சவங்க கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க.

அம்மா முந்தானையக் கையில பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே நிக்குது.