நல்லதுக்குச் சொன்ன டீச்சர்

என் மகளுக்குப் பேச்சு திக்கும். ப்ளஸ் ஒன் சேர்க்க, திருவனந்தபுரத்தில் எல்லாரும் பெருமையாகச் சொல்லும் ஒரு தனியார் பள்ளிக்கு அழைத்துப் போனேன். நேர்காணல் நடத்தியவர் துணை முதல்வர். மடிப்புக் கலையாத கைத்தறிப் புடவை கட்டியிருந்தார். பேசும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மகள் தன் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு, "மோளே, கொஞ்சம் வெளிய இரி" என்று அவளை அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இங்க இவளுக்குச் சரியாகாது சார். எல்லாரும் அசெம்ப்ளில பேசணும். பிள்ளைங்க சிரிப்பாங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன், கேட்டீங்களா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க பிள்ளையா இருந்தா இப்படிச் சொல்வீங்களா டீச்சர்?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"என் மகனுக்கும் இதே திக்கல்தான். இங்கதான் சேர்த்தேன். பாதியில படிப்ப நிறுத்திட்டான். இப்ப வீட்டுல என்கிட்டகூடப் பேசறதில்ல."

சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடுத்த பிள்ளையைச் சிரித்த முகத்தோடு உள்ளே அழைத்தார்.

இன்னும் சில பள்ளிகளில் விசாரித்து, மகளை வேறொரு பள்ளியில் சேர்த்தேன். "ஒரு ப்ராப்ளமும் இல்ல" என்றார்கள். அங்கேயும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

சொந்த மகனை ஊமையாக்கிய பள்ளிக்கு அந்த அம்மாள் இன்னும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் நாங்கள் ஏறி இறங்கிய பள்ளிகளில் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.