காணாமல் போன ஊசிக் கொக்கி

நம் சபையில் சாட்சி சொல்ல எழுந்தவர்கள் எல்லாம் பெரிய விஷயங்களோடு வந்தார்கள். ஒருவருக்குச் சிறுநீரகம், ஒருவருக்கு விசா. என்னிடம் இருப்பது எறும்பின் கால் அளவுள்ள ஓர் இரும்புத் துண்டு. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்தத் துண்டு என்னை மூன்று ராத்திரி தூங்கவிடவில்லை. இன்னும் முழுதாக விடவில்லை. அதனால் ஆண்டவர் எனக்குச் செய்ததை, மெருகு போடாமல் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பம்மல் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் பின்னல் மெஷின் ஓட்டுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. மெஷின் வட்டமாக இருக்கும். மேலே நூல் போகும், கீழே துணி இறங்கிச் சுருளும். நடுவில் ஆயிரத்துக்கும் மேல் ஊசிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கொக்கி. என் மெஷினில் ஓடுவது, இழுத்தால் நீளும் ரிப் துணி. கைக்குழந்தைகளின் சட்டைக்குக் கழுத்துப் பட்டையாக அதைத்தான் தைக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். சேர்த்துப் பார்த்தால் முழு ஊசி வரவேண்டும். வராவிட்டால் துணியை ஒதுக்கிவிட வேண்டும்.

போன மழைக்காலம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட். துணியில் நெடுக ஒரு கோடு விழுந்தது. நிறுத்திப் பார்த்தால், ஓர் ஊசிக்குத் தலையே இல்லை. காந்தத்தை எடுத்துத் தரையெல்லாம் துழாவினேன். ஒரு ஹேர்பின் வந்தது, ஆணி வந்தது. கொக்கி வரவில்லை.

சூப்பர்வைசர் முரளி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். இரண்டாவது முறையாக வந்து நின்றார்.

"இன்னாண்ணா, தேடிக்கினு கீறியா, தூங்கிக்கினு கீறியா? வியாயக்கெயம லாரி வருது."

என் டப்பாவில் பழைய உடைந்த ஊசிகள் கிடந்தன. ஒன்றின் கொக்கியை எடுத்து நோட்டில் ஒட்டினேன். அழகாகப் பொருந்தியது. கீழே கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்தைப் பள்ளிக்கூடத்திலேயே பாராட்டியிருக்கிறார்கள்.

தைக்கிற இடத்தில் இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவி வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கே தைக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

அன்று பிற்பகல் பொழிச்சலூருக்கு ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். எதிரே ஒரு பெண், மடியில் குழந்தை. வெள்ளைச் சட்டை, கழுத்தில் ரிப். குழந்தை வீறிட்டு அழுதது. நான் அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா சார், கொயந்தய இப்டி மொறைக்கிறீங்க?"

"இல்லம்மா, கழுத்துல ஏதாவது குத்துதோன்னு..."

"ஒண்ணும் குத்தல. பசி அதுக்கு. நீங்க அந்தாண்ட பாருங்க."

அந்தாண்ட பார்த்தேன். அங்கே ஒரு துணிக்கடை. வாசலில் குழந்தைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றுக்கும் தலை இல்லை. கழுத்துகள் மட்டும் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டில் என் மனைவி ஸ்டெல்லா, "சாப்பாட்டுல என்னத்தத் தேடுறீங்க? கல்லு இருந்தா சொல்லிட்டுப் போங்களேன்," என்றாள். நான் சோற்றைப் பருக்கை பருக்கையாகப் பிரித்துவைத்திருந்தேன். எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

நான் நிறையப் படிப்பவன். கொலை செய்துவிட்டு நானூறு பக்கம் புலம்பும் ஆட்களைப் பற்றிய நாவல்களை எல்லாம், 'போய்ச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே' என்று அலுத்துக்கொண்டே படித்தவன். புதன்கிழமைக்குள் எனக்கு அந்த நானூறு பக்கமும் புரிந்துவிட்டது.

ஜெபம் செய்தேன். என்ன ஜெபம்? "ஆண்டவரே, அது தரையில் விழுந்திருக்கட்டும்." விழுந்தது விழுந்தாயிற்று. பரீட்சை எழுதிவிட்டு வந்து விடையை மாற்றித் தரச் சொல்லும் மாணவனின் ஜெபம் அது. கண்ணை மூடினால் குழந்தை அழும். சத்தம் வராது, வாய் மட்டும் அசையும். மெஷின் சத்தத்தில் வேலை பார்க்கிறவனுக்கு எல்லா வாயும் அப்படித்தான் தெரியும். ஆனால் இந்த வாய் என்னைத்தான் கேட்டது.

வியாழக்கிழமை கொட்டித் தீர்த்தது. ரோட்டில் முழங்கால் தண்ணீர். லாரி வரவில்லை. எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். ரோல்கள் எல்லாம் இன்னும் உள்ளேயே அடுக்கியிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் என் ஜெபம் மாறியது. "அது எங்கே இருக்கிறது என்று காட்டும்." அவ்வளவுதான் கேட்டேன். கேட்ட உடனே, காட்டிவிடுவாரோ என்ற பயம்.

வெள்ளிக்கிழமை காலை முரளியிடம் போனேன். நோட்டை விரித்து, "இந்தக் கொக்கி இந்த ஊசியோடது இல்லப்பா," என்றேன்.

அவர் நோட்டை வாங்கிக் கொக்கியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "லூசாண்ணா நீ? ஒன்ன காட்டித்தான் புச்சா வர்றவங்களுக்கு இந்த ரூல சொல்லிக்குடுக்கறேன்," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை என் மெஷினில் இறங்கிய மூன்று ரோல்களையும் வெளியே இழுத்தார்கள். செக்கிங் பார்க்கும் ரஹ்மத் அக்காவும் நானும் மேஜையில் விரித்து, அங்குலம் அங்குலமாகக் கையால் தடவினோம். முதல் ரோலில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. அப்படியானால் தரையில்தான் விழுந்திருக்கும் என்று என் மனம் மெல்ல இளக ஆரம்பித்தது.

"ஸ்ஸ்... அல்லாவே!"

ரஹ்மத் அக்கா கையை உதறினார். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். அது வெள்ளைத் துணியில் சொட்டி, குங்குமப் பொட்டு அளவுக்குப் பரவியது. அதன் பக்கத்தில், பின்னலுக்குள் நன்றாக மாட்டிக்கொண்டு, கொக்கி.

"இங்க கீதுண்ணா. பாரு, எப்டி ஒளிஞ்சிக்கினு கீதுன்னு."

விரலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். நான் ரத்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை செய்து காய்த்துப்போன விரல் அது. அதிலேயே இவ்வளவு.

தரையில் இருக்கட்டும் என்று கேட்டேன். அவர் துணியில் காட்டினார். எனக்குப் பிடித்த பதிலை அவர் தரவில்லை. ஒரு குழந்தைக்குத் தேவையான பதிலைத் தந்தார். அன்று நான் அழுததை முரளி பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு மாதம் எனக்கு மெஷின் இல்லை. துடைப்பத்தால் பஞ்சு கூட்டினேன். புதிதாக வந்தவர்கள் "கொக்கி அண்ணா" என்று பெயர் வைத்தார்கள், அது இன்றும் ஓடுகிறது. இப்போது துண்டு கிடைக்காவிட்டால் நானே துணியை அறுத்து ஒதுக்கிவிடுகிறேன். யார் கத்தினாலும் சரி.

இதோடு முடித்திருந்தால் நல்ல சாட்சியாக இருக்கும். ஆனால் உள்ளபடி சொல்வதென்றால் இன்னொன்று இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்பும், இந்த இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டு தடவை அப்படி வேறு ஊசியின் கொக்கியை ஒட்டியிருக்கிறேன். அந்தத் துணிகள் போய்விட்டன. அந்தக் குழந்தைகள் இப்போது வளர்ந்திருப்பார்கள். வளர்ந்திருக்க வேண்டும். தினமும் அவர்களுக்காக ஜெபிக்கிறேன், பெயர் தெரியாமல், முகம் தெரியாமல். பதில் இன்னும் வரவில்லை.

ஒரு தடவை காட்டியவர் அவர். அதனால் பயத்தோடுதான் கேட்கிறேன், ஆனாலும் விடாமல் கேட்கிறேன். உங்களுக்குள்ளும் அப்படி ஒன்று மாட்டிக்கொண்டிருந்தால், அது எங்கே என்று அவரிடம் கேளுங்கள். பதில் குத்தும். குத்தட்டும். கேட்டு முடித்த பிறகு, அந்த இரண்டு குழந்தைகளையும் உங்கள் ஜெபத்தில் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.