அக்கா அழிக்க மறுத்த மூன்று புள்ளிகள்

எங்கள் அக்கா மறைந்து இன்று முப்பத்தோராம் நாள். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், துயரத்தை முந்திக்கொண்டு பெருமைதான் வருகிறது.

தொண்டைமானாற்றில் கடற்றொழில் செய்த ஐயாவுக்கும் அம்மாவுக்கும் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. இடப்பெயர்வுகளால் பள்ளிக்கூடங்கள் மாறிக்கொண்டே இருந்தன, படிப்பு மாறவில்லை. பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் கற்று, அங்கேயே ஆய்வில் இறங்கினார்.

பழங்களின் மணத்திலும் எண்ணெய்களிலும் இருக்கும் எசுத்தர்கள் என்னும் இரசாயனச் சேர்வைகளே அவருடைய ஆய்வுப் பொருள். சூடேறும்போது அவற்றின் அடர்த்தியும் பிசுக்குத்தன்மையும் எப்படி மாறுகின்றன என்று அளப்பார். அளக்காத எசுத்தர்களுக்கும் அந்தப் பெறுமானங்களை முன்கூட்டியே கணிக்க ஒரு சமன்பாடு வேண்டும் என்பது அவர் நோக்கம்.

ஓர் எசுத்தருக்கு ஒரு புள்ளியாக அவர் வரைந்த வரைபில் மூன்று புள்ளிகள் மட்டும் கோட்டை விட்டு விலகி நின்றன. வழிகாட்டிய பேராசிரியர், "உந்த மூண்டையும் விட்டால் கோடு நேராய் வரும். பட்டமும் இந்த வருசமே கிடைக்கும். ஏன் பிள்ளை மினக்கெடுறீர்?" என்றார்.

"அளந்ததை அளக்கேல்லை எண்டு எப்பிடிச் சேர் எழுதுறது?" என்றார் அக்கா.

பட்டம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. கூடப் படித்தவர்கள் விரிவுரையாளர்களானார்கள். கலியாணப் பேச்சொன்றும் குழம்பியது. அக்கா எசுத்தர்களை மறுபடி தூய்மையாக்கி மறுபடி அளந்தார். அதே மூன்று புள்ளிகள்! மூன்றும் கிளைவிட்ட மூலக்கூறுகள் என்பதையும், பழைய சமன்பாடு அந்தக் கிளையைக் கணக்கிலெடுக்கவில்லை என்பதையும் கண்டார். அதற்கென ஓர் உறுப்பைச் சமன்பாட்டில் புதிதாகச் சேர்த்தார். புள்ளிகள் கோட்டில் வந்து அமர்ந்தன. பிறகு அந்தப் பேராசிரியரே அவ்வரைபை வைத்துப் பாடம் நடத்தினார்.

அக்கா யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிக் கிழமையில் வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அக்கா கணிப்பு மட்டும் சொல்லியிருந்த ஓர் எசுத்தரை அவர்கள் அளந்திருந்தார்கள்.

"அக்கா, உங்கடை கணக்குச் சரியாம்!" என்றேன்.

"எத்தினை பாகைச் சூட்டிலை அளந்தவையாம்?"

தேடிப் பார்த்து, "நாப்பதிலை" என்றேன்.

"அப்ப சரி, நான் கணிச்சதும் நாப்பதுக்குத்தான்" என்று சிரித்தார். நான்தான் அழுதேன்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், எங்களைச் சமைக்க விடாமல் வேளாவேளைக்குச் சாப்பாடு தந்த அயலவர்கள், கிரியைகளில் துணைநின்ற உறவுகள் அனைவருக்கும் நன்றி கூறுகிறோம். அக்காவிடம் ஆய்வு பழகிய மாணவிகளுக்குத் தனியாக ஒரு நன்றி. அவர் பாதியில் விட்ட அளவீடுகளை முடித்து, அவர் பெயரிலேயே வெளியிடலாமா என்று கேட்டு வந்தார்கள். அக்கா தானே அளந்தவற்றுக்கு மட்டும் அவர் பெயர் போதும் என்றோம். மற்றவற்றுக்கு, பிள்ளைகளே, உங்கள் பெயர்களைப் போடுங்கள்.

அன்புத் தங்கை