முடியில் மட்டும் கை வைக்கக் கூடாது

திருத்தணியில் தடுக்கி விழுந்தால் மொட்டைத் தலைதான். சந்தனம் பூசிய தலைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு முடி மேல் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. போதாததற்கு, என் தொழிலில் முடிதான் எமன். அனிமேஷன் வீடியோவில் ஒவ்வொரு நொடிக்கும் கணினி இருபத்துச் சொச்சம் படங்களை வரைந்து தள்ள வேண்டும். அதற்குப் பெயர் ரெண்டர். சுவர், படிக்கட்டு என்றால் சீக்கிரம் முடித்துவிடும். முடி வந்தால் போதும், இழை இழையாக வெளிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அரக்கோணத்திலிருந்து ஒரு பெண் வந்தார். மகளுக்கு மலையில் மொட்டை, பிறகு அடிவார மண்டபத்தில் காது குத்து. குழந்தை மயிலோடு மலையேறுவதுபோல் ஒரு கார்ட்டூன் செய்து அங்கே திரையில் ஓட்ட வேண்டுமாம். போட்டோவைக் காட்டினார். தலை நிறைய சுருள் முடி. விழாவோ நெருங்கிவிட்டது.

"எப்படியும் மொட்டை போடப் போறீங்க. வீடியோலயும் மொட்டையாவே வெச்சிடலாங்க. சந்தனத்தோட லட்சணமா இருக்கும், வேலையும் சீக்கிரம் முடியும்" என்றேன். வேறு ஊர்க்காரனுக்கு இந்த யோசனை வந்திருக்காது.

அவர் கோபப்படவில்லை. "ஆஸ்பத்திரில மருந்து ஏத்திகினு இருந்தப்ப மொத்தமும் கொட்டிப் போச்சுங்க. தலகாணிய பாத்துட்டு, 'திரும்ப மொளைக்குமாம்மா'ன்னு கேட்டா. பதில் சொல்ல எனக்கு வாய் வரல. இப்ப மொளச்சிருக்கு, அதுவும் சுருளா. மொளச்சா சாமிக்குத் தர்றேன்னு வேண்டிகினேன். தர்றதுக்கு முன்னாடி இருந்தத எல்லாரும் ஒரு தபா பாக்கணுங்க."

வேலையை எடுத்துக்கொண்டேன்.

சோதனைக்குக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்ததில், விழா முடிந்து பந்தலைப் பிரித்த பிறகுதான் ரெண்டர் முடியும் போலிருந்தது. கணினியைக் கண்டபடி திட்டினேன். பிறகு எல்லோரும் செய்வதைச் செய்தேன். வெளிச்சக் கணக்கைக் குறைத்து, அதனால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் வரும் புள்ளிகளை மென்பொருளை விட்டுத் துடைக்கச் சொன்னேன். துடைத்தது, முடியையும் சேர்த்து. குழந்தையின் தலையில் களிமண்ணை அப்பியதுபோல் இருந்தது. அதைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் காட்டுவதற்கு மொட்டையே மேல்.

டீ குடிக்க வெளியே வந்து, மலையைப் பார்த்தபடி நின்றேன். அது பாட்டுக்கு அங்கேயே இருந்தது. நகராத மலையைப் படத்துக்குப் படம் புதிதாக வரையச் சொல்லிக்கொண்டிருந்தது என் மடத்தனம். கேமராவை அங்கங்கே நிறுத்தி வைத்தேன். மலையையும் மண்டபத்தையும் ஒரே ஒரு தடவை வரையவிட்டு, அந்தப் படத்தையே பின்னால் ஒட்டினேன். தூரத்தில் வரும் மயிலுக்கு இறகு இறகாகத் தோகை எதற்கு? தட்டையான ஒரு படம் போதும். புள்ளி துடைக்கிற வேலையைக் குழந்தையின் பாவாடை சட்டையோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சமான நேரம் முழுவதையும் முடிக்குக் கொடுத்தேன்.

நேரத்தைக் குறைப்பதென்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எதில் கை வைக்கக் கூடாது என்று முதலில் தெரிந்துகொண்டால் மற்றதில் தாராளமாகக் கை வைக்கலாம். இதைச் சொல்லித்தர ஒரு தாய் வர வேண்டியிருந்தது.

விழாவன்று மண்டபத்தில் விளக்கை அணைத்துத் திரையில் வீடியோவை ஓட்டினார்கள். குழந்தை படியேறினாள், காற்றடித்தது, சுருள்கள் தனித்தனியாக அசைந்தன. மயில் தட்டை என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை.

முன் வரிசையில், அம்மா இடுப்பில் அந்தக் குழந்தை. ஈரச் சந்தனத் தலையைத் தடவிக்கொண்டே திரையைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"திரும்ப மொளைக்குமா..."

"ஆங், மொளைக்கும்டி" என்றார், அவள் கேட்டு முடிப்பதற்குள்.