யோசிக்க நான்கு நாள்

குரோருட் புறநகரில் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் இருக்கும் உதயகுமாரி, ஒரு சட்டி வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி இறங்குகிற மனுசி. அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கைத்தொலைபேசியில் இரண்டு தட்டுத் தட்டி, பத்தாயிரம் குரோனர் காசைக் கொடுத்துவிட்டாள் என்றால் நம்ப முடிகிறதா?

பக்கத்தில் இருந்தவள் நான்தான். தமிழ்ச் சங்க மண்டபத்தில் சுவாதி என்ற சென்னைப் பிள்ளை தன் புதிய கம்பனியைப் பற்றிப் பேசினாள். மின்சாரம் மலிவான நேரத்தில் கற்களைச் சூடாக்கி வைத்து, அந்தச் சூட்டில் தொழிற்சாலைகளுக்கு நீராவி கொடுப்பார்களாம். எரிவாயு வேண்டாம், புகையும் இல்லை. பெரிய முதலாளிகளிடம் போகாமல், இணையத்தில் ஆயிரம் பேரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டுகிறார்கள். போடுகிறவர்களுக்குப் பங்கு உண்டு.

"இதப் பாத்துக்க ஆளே வேண்டாங்க, தானா ஓடும்!" என்று சுவாதி சொன்னதும் மண்டபமே கைதட்டியது. உதயகுமாரியும் தட்டினாள். நம் பிள்ளை ஒருத்தி மேடையில் நிற்கிற பெருமையில் அவளுக்குக் கண்ணும் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து, காசு போட்டதற்குக் கம்பனி அனுப்பிய நன்றி மின்னஞ்சலைத் திறந்தால், மேடையில் சொல்லாத ஒன்று இருந்தது. முதல் இயந்திரம் வரப்போவது ஸ்ட்ரோம்மன் ஊருக்குப் பக்கத்து உணவுத் தொழிற்சாலைக்கு. அங்கேதான் அவள் கணவர் இளங்கோ இருபத்திரண்டு வருடமாகக் கொதிகலன் பார்க்கிறார்.

மனம் மாறினால் நான்கு நாளுக்குள் பணத்தைத் திரும்ப எடுக்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்த நான்கு நாளும் அவள் என் வீட்டு வாசலைத் தேய்த்தாள். கணவரிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

"எடுத்தா அந்தப் பிள்ளைக்குத் துரோகம். விட்டா இவருக்கு. நான் இப்ப என்ன செய்யிறது?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "சுவாதியிட்டையே கேளன்" என்றேன்.

கேட்டாள். சுவாதி தொலைபேசியில் சொன்னாள்:

"அக்கா, குறைஞ்சபட்சத் தொகைய நேத்துதான் தொட்டோம். இப்ப நீங்க எடுத்தா எல்லாம் நின்னுடும். ஆனா உங்க வீட்டுக்காரர் வேலை... அத நாங்க யோசிக்கவே இல்லக்கா. பொய் சொல்ல மாட்டேன்."

பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு எடுத்திருப்பாள். இப்போது அதற்கும் வழியில்லை. எடுக்கவுமில்லை, விடுவதென்று முடிவு செய்யவுமில்லை. நான்காம் நாள் பின்னேரம் மூன்று மணிக்குக் கெடு தன்பாட்டில் முடிந்துபோனது.

அடுத்த கிழமை இளங்கோ வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். நான் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"பொயிலரை நிப்பாட்டப் போயினமாம். புது மிசின் வருதாம். ஆரோ ஆயிரம் சனம் காசு போட்டிருக்காம். ஆரப்பா அந்தச் சனம்? அதிலை ஒராளுக்காவது என்னைத் தெரியுமோ?"

உதயகுமாரி அடுப்பை நிறுத்தினாள்.

"ஓம். அதிலை நானும் ஒராள்" என்றாள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து பகிடி விடுகிறோமா என்று அவர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.