படகோரத்தில் எட்டு போடுதல்

1. வேலைக்குச் சேர்ந்த கதை

வால்டர் என்னை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், என் ஊர் கடலோரத்தில் இருந்ததுதான். கடைச் சுவரில் ஓர் உலக வரைபடம் மாட்டியிருந்தார். ஊர் எங்கே என்று காட்டச் சொன்னார். காட்டினேன். விரலில் பாதி கடலுக்குள் இருந்தது. "அப்ப மீன்பிடி உன் ரத்தத்திலேயே ஊறியிருக்கும்" என்று அவரே முடிவு செய்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு மீன் எப்போதும் சந்தைப் பையில்தான் வந்தது என்று சொல்ல எனக்கு இங்கிலீஷும் போதவில்லை, தைரியமும் போதவில்லை.

அது 2001. நியூ ஜெர்சிக்கு வடக்கே, மலைகளுக்கு நடுவில் ஓர் ஏரி. அதன் கரையில் வால்டருக்கு ஒரு தூண்டில் கடையும் வாடகைக்கு விட ஐந்தாறு படகுகளும் இருந்தன. அதற்கு முன் நான் எடிசன் நகரத்தில் மச்சானின் மளிகைக் கடையில் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கணக்கு வரும், ஆனால் கல்லாவில் நின்றால் ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அதுதான் எனக்கு வராது. "பாய், நீங்க ஒரு கஸ்டமரப் பார்த்துச் சிரிச்சு நான் பார்த்ததில்ல" என்று மச்சானே சொல்லி, இந்த வேலையைத் தேடிக் கொடுத்தார். மீன் யாரையும் சிரிக்கச் சொல்லாது.

எங்கள் ஏரியில் ஆட்கள் தேடி வந்தது மஸ்கி என்ற மீனை. நீளமான உடம்பு, முதலை போன்ற வாய், அது நிறையப் பல். நாள் முழுவதும் தூண்டில் வீசினாலும் ஒன்றுகூடக் கண்ணில் படாது. பட்டாலும் கடிக்காது. கடித்தாலும் யாரும் அதைத் தின்பதில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். இதற்காக ஆட்கள் லீவு போட்டு, பணம் கொடுத்து, குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை நான் முழுதாக நம்பவே ஒரு சீசன் ஆயிற்று.

இந்த மீனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தூண்டிலில் கட்டியிருக்கும் பொய் மீனை, அதாவது லூரை, படகு வரைக்கும் பின்தொடர்ந்து வரும். கடிக்காது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, பார்த்துவிட்டு 'சொல்லி அனுப்புகிறோம்' என்று திரும்பிவிடும். அப்படித் திரும்பவிடாமல் செய்வதற்குத்தான் எட்டு. லூர் படகோரம் வந்ததும் தண்ணீரைவிட்டு எடுக்காமல், ராடின், அதாவது தூண்டில் கம்பின், நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, பெரிய எட்டு ஒன்றைப் படுக்கைவாக்கில் எழுத வேண்டும். இரை தப்பி ஓடப் பார்க்கிறது என்று மீன் நினைத்துப் பாய வேண்டும்.

வால்டர் என்னைப் படகுத் துறையில் நிறுத்தி, கொக்கி கழற்றிய லூரைக் கொடுத்து, மத்தியானம் வரை எட்டு போடவிட்டார். அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். லூருக்கும் ராடின் நுனிக்கும் நடுவே ஒரு முழத்துக்கு மேல் நூல் இருக்கக் கூடாது. திருப்பம் அகலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மஸ்கி லாரி மாதிரி. குறுகின சந்தில் திரும்பாது. திருப்பத்தில் வேகம் கூட வேண்டும். மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சுக்கும் எட்டு போட வேண்டும். மீன் தெரிந்துவிட்டால் நிறுத்தவே கூடாது.

"நிறுத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அதுக்கு நம்ம புத்தி புரிஞ்சுடும்" என்றார் வால்டர்.

2. சந்துரு வந்தார்

அடுத்த வருடம் கோடையில் சந்துரு என்கிற சந்திரசேகர் எடிசனிலிருந்து காரில் வந்து இறங்கினார். ஈரோட்டுக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மச்சான் கடையில் என் பெயரைக் கேட்டு வந்திருந்தார்.

"ஏனுங்க பாய், இந்த எட்டு போடறது எத்தன நாள்ல படிக்கலாமுங்க?"

"எதுக்கு சார்?"

படகுத் துறையில் உட்கார்ந்து சொன்னார். அவருடைய டைரக்டர் கிரெக் ஒரு மஸ்கி பைத்தியம். வருடாவருடம் அக்டோபரில் ஆபீசிலிருந்து ஒருவரை ஏரிக்குக் கூட்டிப் போவார். கம்பெனியில் அப்போது ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது.

"பாதி டீம் போயாச்சுங்க பாய். போன வருஷம் அந்தாளுகூட ஏரிக்குப் போனவன் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கான். கோடு எழுதத் தெரியாதவனுங்க அவன். இந்த வருஷம் என்னைக் கூப்பிட்டிருக்காரு. ஃபிஷிங் தெரியுமான்னு கேட்டாரு. ஐ லவ் மஸ்கின்னுட்டேன்."

"பார்த்திருக்கீங்களா?"

"இன்டர்நெட்ல பார்த்தேனுங்க. பயமா இருந்துச்சு."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "கிரீன் கார்டுக்கு இப்பத்தான் அப்ளை பண்ணியிருக்காங்க. வேலை போனா வீசாவும் போச்சு. பையன் செகண்ட் கிரேடு. அவனுக்குத் தமிழ்ல நூறு வரைக்கும் எண்ணவே வராது. ஊருக்குக் கூட்டிட்டுப் போய் எந்த ஸ்கூல்ல சேர்க்கறதுங்க?"

அன்றிலிருந்து நான் அவரை 'தம்பி' என்று கூப்பிட்டேன்.

ராடைக் கையில் கொடுத்தேன். அவர் போட்ட எட்டு தோசைக் கல் அளவுக்கு இருந்தது.

"பெருசாப் போடுங்க தம்பி."

"ஆர்டிஓ ஆபீஸ்ல பைக் லைசென்ஸுக்கே நான் எட்டு போடலீங்க பாய். டிரைவிங் ஸ்கூல்காரர் பார்த்துக்கிட்டாரு. நான் டீ குடிச்சுட்டு இருந்தேன். அமெரிக்கா வந்து எட்டு போடறேன் பாருங்க."

இங்கே பார்த்துக்கொள்ள டிரைவிங் ஸ்கூல்காரர் இல்லை. பாவம், உழைத்தார். சனிக்கிழமைதோறும் வந்தார். மற்ற நாட்களில் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் கொக்கியில்லாத லூரை வைத்து எட்டு போட்டார். குளத்தில் மீன் பிடிக்கக் கூடாது என்று அபார்ட்மென்ட் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. இதில் மீனே இல்லையே என்று இவர் வாதாடினார். அப்படியென்றால் என்ன செய்கிறீர்கள் என்று அந்த ஆள் கேட்டார். பக்கத்தில் நின்ற மகன், "டாட், ப்ளீஸ் ஸ்டாப். எவ்ரிபடி இஸ் லுக்கிங்" என்றானாம்.

ஒரு சனிக்கிழமை மனைவி வித்யாவும் கூட வந்தார். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"பாய், அந்த மீன் குழம்புக்கு ஆகுமா?"

"விட்டுருவாங்கம்மா."

"பிடிச்சுட்டா?"

"ஆமாம்மா."

"அப்ப இவரு ஆபீஸ்ல செய்யற வேலையும் இதுவும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

செப்டம்பர் கடைசியில் சந்துருவின் எட்டு நல்ல எட்டாகிவிட்டது. அகலம் சரி, ஆழம் சரி, வேகம் சரி. ஒரே ஒரு குறை. எட்டு முடியும்போதெல்லாம் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்ப்பார்.

"என்னைப் பார்க்காதீங்க. தண்ணியப் பாருங்க."

"தண்ணில ஒண்ணும் இல்லீங்களே பாய்."

"இல்லாட்டியும் பாருங்க."

இருபது வருடம் படித்து, பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு, மார்க் போடுகிறவரின் முகத்தைப் பார்க்காமல் ஒரு காரியம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போது தெரியாது.

3. அக்டோபர்

கிரெக் வந்த நாள் குளிர். உயரமான மனிதர், நிறையப் பைகள் வைத்த சட்டை, ஒவ்வொரு பையிலும் ஒரு சாமான். படகின் முன்பக்கம் அவர் நின்றார், நடுவில் சந்துரு, பின்னால் மோட்டாரில் நான். அன்றைய கூலியைக் கொடுப்பவர் கிரெக். ஆகவே படகில் காற்று வீசுவது உட்பட எல்லாமே கிரெக்கின் யோசனை.

அவர் வீசிய தூரம் பெரிது. எட்டு மட்டும் காபியில் சர்க்கரை கலக்குகிற மாதிரி இருந்தது. பல தடவை அதையும் போடாமல் லூரைத் தூக்கிவிட்டார். கையை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். கேட்காதவருக்குச் சொல்லும் தைரியம் எனக்கு எந்த நாளும் கிடையாது. சந்துரு மட்டும் சொன்னார், "நைஸ் ஃபிகர் எய்ட், கிரெக்." அடுத்த வீச்சுக்கும் சொன்னார். எட்டே போடாத ஒரு வீச்சுக்கும் சொன்னார்.

பத்து மணி சுமாருக்கு, சந்துருவின் லூருக்குப் பின்னால் தண்ணீரின் நிறம் மாறியது. துடுப்பு நீளத்துக்கு ஒரு கருப்பு. நான் கத்த வேண்டும். அதுதான் என் வேலை. எனக்குக் கத்த வராததால், ஆளின் முழங்கையைத் தொடுவது என் வழக்கம். தொட்டேன். சந்துரு பார்த்துவிட்டார். எட்டு போட ஆரம்பித்தார். அருமையான எட்டு. முதல் திருப்பத்தில் மீனும் கூடவே திரும்பியது. இரண்டாவது திருப்பத்துக்குப் போகும்போது, பழக்க தோஷம், தலையைத் தூக்கினார்.

எதிரே கிரெக் கண்ணை விரித்துக்கொண்டு நின்றார்.

அடுத்து நடந்ததை இந்தத் தொழிலில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சந்துரு லூரைத் தண்ணீரைவிட்டு எடுத்தார். ஓரடி பின்னால் நகர்ந்து, பந்தியில் பெரியவருக்கு இலை காட்டுகிற மாதிரி கையை நீட்டி, "ப்ளீஸ், கிரெக். யுவர் ஃபிஷ்" என்றார்.

கிரெக் மறுக்கவில்லை. அவசரமாகத் தன் லூரை இறக்கிச் சர்க்கரை கலக்கினார். மீன் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு யோசித்த மாதிரி மெதுவாகக் கீழே போய்விட்டது.

"பெரிய மீன்" என்றார் கிரெக்.

"உங்க எட்டு நல்லா இருந்துச்சு கிரெக். மீன்தான் சரியில்ல" என்றார் சந்துரு இங்கிலீஷில்.

மத்தியானம் கிரெக்குக்குத் தலைமை ஆபீசிலிருந்து போன் வந்தது. முன்பக்கம் திரும்பி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். யார் யார் என்று பெயர்கள் காதில் விழுந்தன. சந்துருவுக்கும் விழுந்திருக்கும். அவர் முகம் வெளுத்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் தூண்டிலை வீசினார், இழுத்தார், எட்டு போட்டார். பார்க்க யாரும் இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு போட்டார். மறுபடியும் வீசினார். அப்போதுதான், எட்டின் அகலமான திருப்பத்தில், வெள்ளையாக ஒரு வாய் திறந்து மூடியது.

ராட் வளைந்தது. மேலே தூக்காமல் பக்கவாட்டில் இழுத்தார். எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். செய்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் துளியும் இல்லை.

"பாய்" என்றார் ரகசியமாக. "மாட்டிக்கிச்சுங்க."

"விடாதீங்க. ராடைத் தாழ்த்துங்க."

"அறுத்து விட்டுருங்க பாய். அவரு திரும்பறதுக்குள்ள."

"கொக்கியோட போனா மீன் செத்துரும் தம்பி."

"அது செத்தாப் பரவாயில்லீங்க. நான் இங்க இருக்கோணும்."

நான் அதற்குள் வலையை இறக்கிவிட்டேன். மீன் வலைக்குள் வந்து ஒரு தடவை உடம்பை அடித்தது. மூன்று பேரும் நனைந்தோம். கிரெக் திரும்பினார். "நான் அப்புறம் கூப்பிடறேன்" என்று போனை மூடினார்.

வலையைப் பார்த்தார். சந்துருவின் ராடைப் பார்த்தார்.

"காலைல இருந்து நீங்க போட்ட இடம் கிரெக் இது" என்றார் சந்துரு. அவர் இங்கிலீஷ் அன்று தடுமாறவேயில்லை. "உங்க லூரப் பார்த்துக் கோபத்துல இருந்த மீன். நான் சும்மா நின்னேன், வந்து கடிச்சுருச்சு."

கிரெக் இதை நிதானமாக யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்கே நம்பிக்கை வந்ததை நான் பார்த்தேன்.

"உண்மைதான்" என்றார். "நான்தான் அதைத் தயார் பண்ணி வச்சேன்."

கொக்கியைக் கழற்றி மீனை அவர் கையில் கொடுத்தேன். கேமராவை என்னிடம் நீட்டினார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நடுவில் கிரெக், மார்பளவில் மீன். ஓரத்தில் சந்துருவின் தோள் மட்டும் தெரிந்தது. கொஞ்சம் உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினேன். வந்தார். கிரெக் அவர் கையில் வலையைக் கொடுத்து, "இதைப் பிடிச்சுக்கிட்டு நில்லு" என்றார்.

போட்டோ எடுத்து முடித்ததும், கை விறைக்கிறது என்று மீனைத் தண்ணீரில் விடும் வேலையைச் சந்துருவிடம் கொடுத்துவிட்டார். அவ்வளவு நேரம் வெளியே இருந்த மீனை அப்படியே போட்டுவிடக் கூடாது. வால் அடியில் பிடித்து, தண்ணீருக்குள் நேராக நிறுத்தி, அதற்கு மூச்சு வரும்வரை காத்திருக்க வேண்டும். சந்துரு முழங்கை வரை குளிர்ந்த தண்ணீரில் விட்டு, குனிந்து பிடித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் ஆனது. கிரெக் கேமராவில் தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணத்தில் வால் திமிறிக்கொண்டு போயிற்று. சந்துருவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதை நான் மட்டும் பார்த்தேன். கேமரா என்னிடம் இல்லை.

4. கற்றுக்கொண்டது

அடுத்த வாரம் கடைக்குப் போன் செய்தார்.

"வேலை இருக்குங்க பாய். என் சீட்டுக்கு ரெண்டு பக்கமும் காலி."

"அல்லாஹ் காப்பாத்தினான் தம்பி."

"அந்தப் போட்டோவ கிரெக் ரூம்ல பெருசா மாட்டிட்டாரு. மீட்டிங்குக்கு மீட்டிங் கதையச் சொல்றாரு. சொல்லி முடிச்சதும் என்னைப் பார்ப்பாரு. நான் ஆமான்னு தலையாட்டோணும். அதுதான் இப்ப என் முக்கியமான வேலை." பிறகு வீட்டுக் கதைக்கு வந்தார். "வித்யா கேட்டா, மீன் எப்படி இருந்துச்சுன்னு. செம கனம், வாலப் புடிச்சா கையெல்லாம் அதிருதுன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும், போட்டோல அவருதான புடிச்சிருக்காருங்கறா."

"நீங்க சொல்லலையா?"

"சொன்னேனுங்க. பையன் சிரிக்கிறான்."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நூலைக் குறைத்து வையுங்கள். ராடின் நுனியைத் தண்ணீருக்குள் இறக்குங்கள். திருப்பத்தை அகலமாக எடுங்கள், அங்கே வேகத்தைக் கூட்டுங்கள். மீன் வந்தால் யார் முகத்தையும் பார்க்காதீர்கள். கடித்தால் பக்கவாட்டில் இழுங்கள். இதையெல்லாம் ஒரு கோடையில் யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். பிடித்த மீனை யார் கையில் கொடுப்பது என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது அவரவர் வீசாவைப் பொறுத்தது.