வளர்மதிக்குக் கட்டிய பெஞ்சு

போன வாரம் ஒரு பெண் என் பட்டறைக்கு வந்து செல்போனில் படம் காட்டினாள். புதுச்சேரியில் ஏதோ ஓட்டல். வாசலில் ஒரு பெஞ்சு. ஆணி கிடையாது, நீளக் கட்டைகளைக் கயிற்றால் இறுக்கியிருக்கிறார்கள். "அக்கா, இந்த மாதிரி கடக்கரை டிசைன் செய்வீங்களா?" என்றாள். செய்யலாம் என்று அனுப்பிவிட்டுப் பரணிலிருந்த நார்க்கயிற்றுச் சுருளை இறக்கினேன். மழை ஒழுகி நனைந்திருந்தது. ஈரக் கயிறு, மீன்கூடையும் பழைய சாக்கும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை அடிக்கும். அதை முகர்ந்தால் எனக்கு அம்மா பிறந்த குப்பம்தான்.

கடலூர்ப் பக்கம் அது. அப்பா கள்ளக்குறிச்சிக்காரர், கருவாடு வாங்கப் போன இடத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். லீவு விட்டால் நான் அங்கே போய்விடுவேன். எட்டாவதோடு படிப்பு நின்றது, லீவும் நின்றது. மாமா கரையேறியதும் கட்டுமரத்தை அவிழ்த்துக் கட்டைகளை மணலில் காயப்போடுவார். விடிகாலையில் மறுபடி கட்டுவார். நடுக்கடலில் கட்டு அவிழ்ந்துவிட்டால் என்ன ஆவது என்று, காலில்கூட அலை படாமல் நின்று நான் கவலைப்படுவேன். "ஆணி அடிச்சா அல ஒடச்சிப்புடும். கயிறு வளஞ்சி குடுக்கும், போ" என்பார். எனக்குக் கவலை போகாது. இன்றைக்கும் அப்படித்தான். இதை எழுத உட்காருமுன் அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

பிறகு கள்ளக்குறிச்சியில் பாய் ஒருவரின் பர்னிச்சர் கடையில் ஒயர் நாற்காலி பின்னப் போனேன். பின்னப் பின்ன கை சும்மா இருக்கவில்லை. துடுப்பு மாதிரி முதுகு வைத்த நாற்காலி, வலை போட்ட ஸ்டூல் என்று சாக்பீஸால் தரையில் வரைவேன். பாய் தாண்டிப் போகும்போது, "இன்னா புள்ள, கோமுகி டேமுல கப்பல் வுடப் போறியா?" என்பார். ஆனாலும் செய்ய விட்டார். யாரும் வாங்கவில்லை. பாலீஷ் போடும் வளர்மதி மட்டும் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்து சோறு தின்பாள். அவளுக்குக் கச்சிராயபாளையத்தில் மாப்பிள்ளை அமைந்தபோது, "சீருக்கு உன் கையால ஒண்ணு வேணும்டி. ஊர்ல எவ வூட்லயும் இருக்கக் கூடாது" என்றாள்.

அப்படி ஒன்றைத்தான் செய்தேன். மலைவேம்புக் கட்டைகளை இழைத்து, ஒரு முனை கட்டுமரம்போல லேசாக மேலெழும்ப, குறுக்குக் கட்டை வைத்துக் கயிற்றால் கட்டிய நீள பெஞ்சு. கயிறு தளருமா, முனை யார் காலையாவது இடிக்குமா, வழியில் மழை வருமா என்று கல்யாணம்வரை நான் தூங்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்குள் டெம்போ நுழையவில்லை. நாலு பேர் பெஞ்சைத் தோளில் தூக்கினார்கள். சீர் என்பதால் மேளம் முன்னே போனது. அழகாக இருக்கட்டும் என்று யாரோ மேலே ஒரு மாலையையும் போட்டார்கள். நான் பெருமையோடு பின்னால் நடந்தேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"யாருப்பா தவறிட்டாங்க?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மேளம் நின்றது. அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலை மறித்துக்கொண்டார். "கல்யாண வூட்டுக்குப் பாடையக் கட்டிக்கினு வந்துக்கிறா பாரு. இவள யாரு கூப்ட்டது?" மாப்பிள்ளையின் தாய்மாமன் கொடுவாளோடு வந்தார். "அண்ணே, அறுக்காதீங்க, அவுத்தாலே வந்துடும்" என்று நான் கையை நீட்டினேன். பாடைக் கயிற்றைச் சுடுகாட்டில் அறுப்பார்கள் என்பதுகூட அந்த நேரத்தில் அவர்களுக்குத் தோன்றவில்லை. வளர்மதி கூரைப்புடவையில் நின்றுகொண்டிருந்தாள். "அறுக்கட்டும், வுடுடி" என்றாள். கட்டைகளை வாய்க்கால் ஓரம் வீசினார்கள்.

என் அம்மா மட்டும் கேட்டாள்: "எல்லாத்துக்கும் பயந்து சாவியே, இதுக்கு மட்டும் ஏண்டி பயப்படல?"

பயப்பட எனக்குத் தோன்றவில்லை. கயிற்றால் கட்டிய மரம் என்றால் எனக்கு மாமா உயிரோடு கரைக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஆடி கழிவதற்குள் வளர்மதியின் மாமனார் போய்விட்டார். வெகு நாளாகச் சர்க்கரை, கால் அழுகியிருந்தது, ஊருக்கே தெரியும். தெரிந்தவர்கள்தான் என் பெஞ்சு கொண்டுபோனது என்றார்கள். துக்கம் கேட்கப் போன என்னை வளர்மதி வேலியோரமே நிறுத்தினாள். "நீ தெரிஞ்சா செஞ்ச? எனக்குத் தெரியாதா. ஆனா போய்டுடி, அவங்க பாக்கறதுக்குள்ள." அதன் பிறகு கூப்பிடவேயில்லை. நான் தப்புச் செய்ததாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் இந்தக் கசப்பு இறங்க மாட்டேன் என்கிறது.

பாய் போய்ச் சேர்ந்தார், கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். குப்பத்தில் எல்லாம் பைபர் படகு. கட்டையை அவிழ்த்துக் காயப்போட ஆள் இல்லை, கட்டையும் இல்லை. நானும் அதன் பிறகு எதையும் கயிற்றால் கட்டியதில்லை, போல்ட்டுதான்.

போன மாதம் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் வளர்மதி. முடி பாதி நரைத்திருந்தது. திரும்பினாள், பார்த்தாள். "நல்லாக்கிறியா?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். சுற்றிலும் கரும்புதான், ஒரு வீடு இல்லை. அது அவள் இறங்கும் இடமும் இல்லை. அடுத்த பஸ் வர ஒரு மணி நேரமாவது ஆகும்.